ஒரு விரல் சந்து

மொரீஷியஸில் உள்ள இந்தியக் கலாச்சார மைய நூலகம் பெருநகர் கிராமத்து வயலில் போனில் தெரியவேண்டுமென்றால் டிராக்டர் மேல் ஏறவேண்டும். கீழே சிக்னல் இல்லை. சுகிர்தா சேற்றுக்காலோடு சீட்டில் நின்று போனைத் தூக்கிப் பிடிக்கிறாள். திரையில் அவள் அண்ணன் ஆல்பர்ட், அந்த நூலகத்துக்குத் தான் முன்பு கொடுத்த அவளுடைய கவிதைப் புத்தகத்தைத் தமிழ் அலமாரியில் தேடுகிறான். நாற்று நடுகிறவர்கள் குனிந்த முதுகை நிமிர்த்துகிறார்கள். திரையில் இரண்டு தடித்த புத்தகங்களுக்கு நடுவே ஒரு விரல் சந்து மட்டும் இருக்கிறது. “காணோமே பாப்பா” என்கிறான் ஆல்பர்ட். “எடைக்குப் போட்டுட்டாங்களா இன்னா?” என்று வரப்பிலிருந்து கேட்டுவிட்டு அம்முலு தானே சிரிக்கிறாள். சுகிர்தாவின் கை இறங்குகிறது. நூலகர் ஏதோ சொல்கிறார். ஆல்பர்ட் கத்துகிறான்: “யாரோ படிக்க எடுத்துக்கினு போயிருக்காங்களாம் பாப்பா! திருப்பித் தந்தா எனுக்குத்தான்னு இன்னொருத்தர் சொல்லி வெச்சிருக்காராம்!” வயலே விசிலடிக்கிறது. சுகிர்தா அந்தச் சந்தை ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறாள். அம்முலு சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தன் போனை எடுக்கிறாள். “அந்தக் காலி எடத்த எனுக்கும் அனுப்புடி.”