மூணாவது பேரு

"அந்தச் சுமித்ரா எவளோ, அவ பேரை மொதல்ல தூக்கிருங்க தம்பி. மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் மருதாசலம். செம்மேட்டில் இருக்கும் மிளகு விவசாயிகள் சங்கத்துக்கு அவர் செயலாளர். புளியஞ்சோலைக்காரர், மலையேறி வந்து பொறுப்பேற்று ஒரு மாசம்தான் ஆகிறது.

தரணிதரன் நாமக்கல்லில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். மலை ரோட்டில் எழுபது வளைவும் ஏறி வந்ததில் அவனுக்கு வயிறு இன்னும் அடங்கவில்லை. சங்கத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் அருணா சுக்குத் தண்ணி கொடுத்து, "ரோட்டுல ஒண்ணும் ஆகலீங்களே?" என்று இரண்டு தரம் கேட்டாள். பஸ்ஸில் வந்தவனிடம் இதென்ன கேள்வி என்று நினைத்துக்கொண்டான்.

கோளாறு இதுதான். உறுப்பினர்களின் லிஸ்ட்டை வயசு வாரியாக மேலிடத்தில் கேட்டிருந்தார்கள். வயசுப் பட்டனைத் தொட்டால் போதும், திரை அப்படியே நின்றுவிடுகிறது. சாயங்காலத்துக்குள் லிஸ்ட் போய்ச் சேர வேண்டும்.

ப்ரோகிராம் எழுதினவன் அருணாவின் புருஷன் கார்த்தி. ஆள் கெட்டிக்காரன், அதில் சந்தேகமே இல்லை. பேர்களை ஒரு லிஸ்ட்டாக வைத்து, அதைத் திரையில் இருக்கும் கட்டங்களோடு சேர்த்துக் கட்டியிருந்தான், மரத்தோடு மிளகுக்கொடியைக் கட்டிவிடுகிற மாதிரி. கட்டத்தில் பேரைத் திருத்தினால் உள்ளே லிஸ்ட்டும் திருந்தும். கட்டத்தில் அழித்தால் உள்ளேயும் போய்விடும்.

எல்லாப் பேரும் அப்படித்தான், ஒன்றைத் தவிர. முதல் பேர் கார்த்தி, இரண்டாவது அருணா, மூணாவது சுமித்ரா. அந்த மூணாவது பேருக்கு வந்தால் அழிக்கிற பட்டன் மங்கிப்போகிறது. அவளுக்கு ஊர் போடவில்லை, காடு எத்தனை ஏக்கர் என்று போடவில்லை, பிறந்த தேதிக் கட்டமும் காலி.

மலையில் பைல் நாட்டிலிருந்து பெரக்கரை நாடு வரைக்கும் ஊர் ஊராக மருதாசலம் விசாரித்துவிட்டாராம். மிளகு கொண்டுவருகிற ஒருத்தருக்கும் அப்படி ஒரு பொம்பளையைத் தெரியவில்லை. அருணா டீ வாங்கப் போன நேரம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"கார்த்தி ஐப்பசியில மலை இறங்கிப் போனவன் தம்பி. இந்த ரோட்டுல இனிக் காலே வைக்கமாட்டேன்னு போன்ல சொல்றானாம். ஆளு வரமாட்டான், பேருக்கு மட்டும் பூட்டுப் போட்டு வெச்சிருக்கான். என்ன கதைன்னு நான் வேற சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை, தரணிதரனுக்கும் அதுதான் தோன்றியது. ப்ரோகிராமைத் திறந்து பார்த்தான். தவறிப்போய் வந்த பூட்டில்லை, கார்த்தி வேணுமென்றே போட்டது. அடப்பாவி என்று வாய்க்குள் திட்டினான். கட்டின பொண்டாட்டி தினமும் உட்கார்கிற இடத்தில், அவள் பேருக்குக் கீழேயே இன்னொருத்தி பேரை வைக்க ஒருத்தனுக்கு எப்படி மனசு வரும்?

பூட்டை எடுக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அழிக்கிற பட்டன் பளிச்சென்று ஆனது. வாசலில் லாரிச் சத்தம் கேட்டு மருதாசலம் எழுந்து போனார். டீயோடு உள்ளே வந்த அருணா, திரையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"அதை அழிச்சிராதீங்க சார்" என்றாள். டீ தளும்பிக் கையில் கொட்டியதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. "வேற என்ன வேணுமோ பண்ணிக்குங்க. அது ஒண்ணு மட்டும் இருக்கட்டுமுங்க. வேற எங்கயும் அந்தப் பேரை எழுதி வெக்கலீங்க."

தரணிதரனுக்கு மனசு என்னவோ போலாகிவிட்டது. இப்படியும் ஒரு பொம்பளையா என்று இருந்தது. அவள் அழவில்லை. மாசக்கணக்கில் அழுது ஓய்ந்துபோன முகம் அது. இவளை விட்டுவிட்டுப் போனவன் எதிரில் இருந்தால் ஓங்கி ஒரு அறை விட்டிருப்பான்.

அழிக்காமலே சரிசெய்ய வழி இருக்கிறதா என்று தேடினான். இருந்தது. திரை நின்றுபோவதே அந்தக் காலிக் கட்டத்தால்தான். எல்லாருக்கும் வயசு போட்டுக்கொண்டு வந்து, மூணாவது பேரில் தேதி கிடைக்காமல் ப்ரோகிராம் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு தேதியைப் போட்டுவிட்டால் லிஸ்ட் ஓடிவிடும், பேரும் தப்பிக்கும், செயலாளருக்கும் ஏதாவது பதில் சொல்லிக்கொள்ளலாம்.

அவளிடம் அதை நிதானமாக விளக்கினான். பேருக்கு ஒன்றும் ஆகாது என்றதும் அருணா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ரொம்ப நன்றிங்க என்று இரண்டு மூன்று தரம் சொன்னாள்.

தரணிதரன் காலிக் கட்டத்தில் கர்சரை வைத்துவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தான். "சுமித்ரா எப்பப் பொறந்தாங்கன்னு மட்டும் சொல்லுங்க. நானே போட்டுடறேன்."

வாசலுக்கு வெளியே மலையிறங்கும் ரோட்டை அருணா பார்த்தாள். அவள் கை தானாக அடிவயிற்றுக்குப் போனது.

"அவ பொறக்கவே இல்லீங்க."