முதல் வரியில் நுரையீரல்

ஆஸ்பத்திரியில் நோய்களுக்குக் குறியீடு போடும் மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கும் எஸ்தரின் மேசை முன்னால், திருநெல்வேலியே திரும்பிப் பார்க்கிற சத்தத்தில் புருஷன் பெண்சாதி சண்டை ஒன்று நடந்தது. பொன்னுலிங்கம் மூச்சு முட்டி வந்து படுத்தவர். இதயமும் திணறியிருந்தது, நுரையீரலும் கைவிட்டிருந்தது. இரண்டுக்கும் சரிசமமாக வைத்தியம் நடந்ததால், எதை முதன்மை நோயாகப் போட்டாலும் விதிப்படி சரிதான். ஆனால் தானே யோசித்து இயங்கும் இந்தக் காலத்து வீடுகள் டிஸ்சார்ஜ் தாளின் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு அதிகாரம் பண்ணும். இதயம் என்றால் உப்பு டப்பா தானாகப் பூட்டிக்கொள்ளும். நுரையீரல் என்றால், புகை ஆகாதென்று, நோயாளி வீட்டுக்குள் இருக்கும் நேரம் அடுப்பு எரியாது.

“இதயத்தப் போடு தாயி. அடுப்படியில நின்னு குழம்புல மூட்டை மூட்டையா உப்பக் கொட்டுதாரு. மறுபடியும் வந்து படுத்தா நான் தாங்க மாட்டேன்,” என்றாள் அவர் பெண்சாதி சண்பகவடிவு.

“நுரையீரலப் போடும்மா! உப்பில்லாம உசுரு எதுக்கு?”

“வந்தன்னிக்கு என்ன சொல்லி வந்தீங்க அண்ணாச்சி?” என்று கேட்டாள் எஸ்தர்.

“மூச்சு விட முடியலன்னுதான்.”

எஸ்தர் நுரையீரலையே முதலில் போட்டாள். பொன்னுலிங்கம் தேர்தலில் ஜெயித்தவர்போல் நடந்து போனார்.

அடுத்த மாதம் பரிசோதனைக்கு வந்தபோது ஆள் பாதியாகியிருந்தார். கால் வீக்கமும் வடிந்திருந்தது.

“இது எப்படி, ஆச்சி?” என்றாள் எஸ்தர்.

சண்பகவடிவு குனிந்து ரகசியமாகச் சொன்னாள்: “அவரு ஆத்தங்கரைக்குப் போனாத்தானே அடுப்பு எரியுது? குழம்புக்கு உப்பு போடுதது இப்ப நான் மட்டுந்தான்.”