தங்கச்சியின் நம்பர்

தொலைக்காட்சியில், அணுகுண்டு போட்டு ஒரு போரை முடிப்பது சரியா என்று விவாதம் நடந்தது.

“ஒரு ஊர் அழிஞ்சாலும் பரவாயில்லை. எங்கட சண்டை ஒரு கிழமை முந்தி முடிஞ்சிருந்தா என்ர பிள்ளை இருந்திருப்பான்,” என்றாள் யோகமலர். கணவர் தவநேசன் தொலைக்காட்சியை நிறுத்தினார்.

மறுநாள் காலை, போரின் கடைசிக் கிழமையில் செத்துப்போன மகன் நிரோஜன் குசினிக் கதிரையில் இருந்து புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். காதோரம் நரைத்திருந்தது. யோகமலர் அவன் முகத்தைத் தடவித் தடவி அழுதாள். கிளிவெட்டியிலிருக்கும் தங்கச்சிக்குச் சொல்ல ஃபோனை எடுத்தாள்.

“தங்கச்சியின்ர நம்பரைக் காணேல்லையப்பா.”

தவநேசன் திகைத்துப்போனார். “என்ன கதை இது? சண்டையை முடிக்க அந்த அணுகுண்டைப் போட்ட பிறகு கிளிவெட்டியில ஆர் மிச்சம்?”

“அம்மா, இன்னும் கொஞ்சம் புட்டு,” என்றான் நிரோஜன்.

யோகமலர் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவன் தட்டில் புட்டை அள்ளி வைத்தாள்.