கடைசி எண்

பக்கவாதத்தில் விழுவதற்கு முந்தின நாள்தான் இன்னாசி தன் டேப்லெட்டின் பாஸ்கோடை மாற்றியிருந்தார். ஆறு வருஷமாக அவர் வரைந்த படங்களெல்லாம் அதற்குள் இருந்தன. இப்போது அவருக்குப் பேச்சு வரவில்லை. மனைவி பிலோமினா தெரிந்த எண்களையெல்லாம் போட்டுப் பார்த்ததில் ஒரே வாய்ப்புதான் மிச்சம்.

"எல்லாத்தையும் அழிச்சாத்தாங்க்கா திறக்கும்" என்றான் செல்போன் ரிப்பேர் கடைக்காரன்.

"அழிக்க வேணாம்" என்று டேப்லெட்டைத் திருப்பி வாங்கி வந்துவிட்டாள்.

கட்டிலருகே உட்கார்ந்து அவருடைய இடதுகையைப் பிடித்துக்கொண்டாள். "பூஜ்யத்துலருந்து சொல்றேன். சரியான நம்பர் வந்ததும் என் கையை அழுத்துங்க."

பாஸ்கோடின் நான்கு எண்களும் கிடைத்தன. சரிபார்க்க மறுபடி கேட்டாள். கடைசி எண் மட்டும் வேறாக வந்தது. அவருக்குக் கண் கலங்கியது.

"அவசரமில்ல" என்றாள் பிலோமினா. அவர் விரல்களைத் தன் கைக்குள் நன்றாகப் பொத்திக்கொண்டு, "பூஜ்யம்" என்று ஆரம்பித்தாள்.