எரிந்து தொல்லை பண்ணிய பல்பு

மச்சானின் பழைய காரில் புது மீட்டர்களைப் பொருத்தவும், எலி கடித்த வயர்களை மாற்றவும் வந்திருந்தான் எலெக்ட்ரீஷியன். அக்கா புருஷன் கேட்டால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? போன வருஷம் இதே காரை இரவல் வாங்கிப்போன அவனுடைய அண்ணன், சரிவில் பிரேக் பிடிக்காமல் சுவரில் மோதிச் செத்துப்போனான். "கண்ணு மண்ணு தெரியாம ஓட்டினா இப்படித்தான்" என்று துக்க வீட்டிலேயே நாலு பேர் முன்னால் சொன்னவர் மச்சான். அந்த வாய் இன்னும் அழுகவில்லை.

மீட்டர் பலகையைக் கழற்றியபோது, பிரேக் ஆயில் குறைந்தால் எரிய வேண்டிய விளக்கில் பல்பே இல்லை.

"அதுவா? உங்கண்ணன் வண்டி கேக்கறதுக்கு முன்னாடியே நான்தான் புடுங்கிப் போட்டேன். சும்மா எரிஞ்சு தொல்லை பண்ணிச்சுடா" என்றார் மச்சான்.

அவன் புது பல்பைப் போட்டான். வேலைக்காகக் கழற்றி வைத்த பேட்டரி இன்னும் தரையில்தான் இருந்தது. மச்சான் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்ததும் விளக்கு சிவப்பாக எரிந்தது. இறங்கினார், அணைந்தது. மறுபடி ஏறினார், எரிந்தது.

"என்னடா இது, பேட்டரியே இல்லாம?"

"சும்மா எரிஞ்சு தொல்லை பண்ணுது மச்சான்" என்று பல்பைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பிறகு பேட்டரியை மாட்டிச் சாவியை நீட்டினான். "ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க."

கார் தெருமுனையில் அதே சரிவுப் பக்கம் திரும்பியது. சட்டைப்பையில் பல்பு எரிந்துகொண்டிருந்தது. நெஞ்சில் சூடு உறைத்தது. அவன் ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினான். பெட்டியை மூடும்போது பல்பு அணைந்தது.