பருப்பு டப்பாவுக்கு ஒரு விருந்தாளி

ஒரு சமையலறையில் பெரிய பருப்பு டப்பா ஒன்று இருந்தது. துவரம்பருப்பு விலை ஏறியதிலிருந்து வீட்டுக்கார வசுமதி மாதச் சாமான் வாங்குவதை விட்டுவிட்டாள். அன்றன்றைக்குச் சின்னப் பாக்கெட்தான். டப்பா காலியாகவே கிடந்தது.

ஒரு காலையில் புதுப் பாக்கெட் ஒன்று சரசரவென்று வந்து சமையல் மேடையில் உட்கார்ந்தது.

“வாங்க, வாங்க,” என்றது டப்பா, கல்யாண வீட்டு வாசலில் நிற்கும் மாமா மாதிரி. “உள்ளே வந்து உட்காருங்க. இடம் தாராளமா இருக்கு.”

“கிண்டலா பெரியப்பா?” என்று கீச்சுக்குரலில் சிரித்தது பாக்கெட். “என்னை உள்ளே கொட்டினா உங்க அடித்தகரம்கூட மறையாது. அதைப் பார்க்க மனசில்லாமத்தான் அக்கா உங்களைத் திறக்கறதே இல்லை.”

டப்பா கனைத்துக்கொண்டது. “சரி, பக்கத்துலயாவது இருங்க. ராத்திரி பேசிக்கிட்டிருக்கலாம்.”

“ராத்திரியா? மத்தியானச் சாம்பாரே நான்தான்.”

சொல்லி முடிப்பதற்குள் வசுமதி மூலையைக் கத்தரித்து, பாக்கெட்டைக் குக்கரில் கவிழ்த்துவிட்டாள்.

அன்று இரவு விளக்கு அணைந்ததும், “பெரியப்பா, தூங்கிட்டீங்களா?” என்று டப்பா கீச்சுக்குரலில் கேட்டது. பிறகு தன் கட்டைக்குரலில், “இல்லப்பா, சொல்லு,” என்றது.