தயிர்த்துணி

பர்மாவில் மூன்று வருஷம் மரம் அறுத்துவிட்டு வீரராகவன் அம்பத்தூருக்குத் திரும்பினான். கூட வேலை பார்த்த ராயப்பன், பக்கத்து ஊரான பாடியில் இருக்கும் தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் அவனோடேயே வந்துவிட்டான். வீரராகவன் பெண்சாதி தாட்சாயிணியைப் பார்த்து ஒரு கும்பிடு போடவேண்டுமாம்.

"அந்தத் தேக்குக் காட்டுல எருமைப்பால் கீது தங்கச்சி, ஒறை ஊத்த ஒரு சொட்டு மோர் கெடையாது. நீ தயிர்ல நனைச்சுக் காயவெச்ச துணிதான் எங்க வயித்தக் காப்பாத்துச்சு."

வீரராகவன் மீசையைத் தடவிக்கொண்டான். கப்பலுக்கு நேரமாகிவிட்டதென்று, கொடியில் கிடந்த அந்தத் துணியை உருவிக்கொண்டு ஓடியவன் அவன்தானே. அங்கே போய் வெதுவெதுப்பான பாலில் அதை முக்கிவைத்தான்; மறுநாள் கட்டித் தயிர். அன்றுமுதல் அந்தக் காட்டில் இருந்த தமிழர் அத்தனை பேருக்கும் அவன் பானையிலிருந்துதான் உறை.

"லேசா ஒரு புளிப்பு, கூடவே ஒரு வாசனை. எந்த ஊர்த் தயிர்லயும் அது வராது" என்றான் ராயப்பன்.

வீரராகவன் டிரங்குப் பெட்டியைத் திறந்து, பத்திரமாக மடித்துவைத்திருந்த துணியை எடுத்தான். ராயப்பன் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

தாட்சாயிணி அந்தத் துணியையே பார்த்தாள். உள்ளே போய், விறைத்துக் கிடந்த இன்னொரு வெள்ளைத் துணியோடு வந்தாள்.

"தயிர்த்துணி இங்க கீது மாமா. அடுப்பாண்ட காயட்டும்னு அன்னிக்கே உள்ள எடுத்தாந்துட்டேன்."

பிறகு தோட்டத்தில் இருந்த அப்பாவுக்குக் குரல் கொடுத்தாள்.

"நைனா, மூணு வருசமா தேடிகினு இருந்தியே, உன் கோமணம் வந்துடுச்சு."